கழுவிய கைகள்

கிராஞ்சிக் குன்றின்மேல் நிற்கும் போர் நினைவகத்திற்குச் செல்வோரின் கண்ணை முதலில் கவர்வது அதன் வெண்மை. 1957ஆம் ஆண்டு மார்ச் 2ஆம் நாள் திறந்துவைக்கப்பட்ட அவ்விடத்தில், இரண்டாம் உலகப் போரில் மாண்ட 4,400க்கும் மேற்பட்டோரின் கல்லறைகள் அணிவகுத்து நிற்கின்றன. கல்லறை வாய்க்கப்பெறாத 24,000க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் மேலேயுள்ள சுவர்களில் பொறிக்கப்பட்டுள்ளன. இந்தியப் படையினரும் அவர்களுள் உளர். அவர்கள் எவ்வாறு மடிந்தனர் என்பதை எழுதியவர் பலர். அக்கற்கள் எவ்வாறு இன்றும் வெண்மையாய் இருக்கின்றன என்று கேட்டவர் மிகச் சிலரே.

ஆண்டுக்கு ஏறத்தாழ 2,400 மில்லிமீட்டர் மழை பொழியும் இத்தீவில் எந்தக் கல்லும் தானாக வெண்மையாய் இராது. அதன்மேல் பச்சையாகவும் கறுப்பாகவும் படிவது வெறும் அழுக்கன்று. பாசியும் பூஞ்சணமும் ஆகிய உயிர்கள். மேலே தேய்த்து நீக்கினாலும் கல்லின் நுண்துளைகளில் எஞ்சியிருப்பது அடுத்த மழையில் மீண்டும் தழைத்துவிடும். வீட்டு முற்றத்திற்கும் தோட்டத்து நடைபாதைக்கும் இதே விதிதான். ஆகவே சிங்கப்பூரின் தூய்மை என்றோ ஒருநாள் எய்தி முடித்த நிலையன்று. ஓயாமல் செய்யப்படும் வேலை.

அவ்வேலையை நெடுங்காலம் செய்தவர்கள் நாட்கூலித் துப்புரவுத் தொழிலாளர்கள். அவர்களுள் தமிழர் மிகுதி. துடைப்பமும் வாளியுமே அவர்களுடைய கருவிகள். 1967ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் அவர்களுள் 2,400 பேர் வேலையை நிறுத்தினர். அரசு அதனைச் சட்டத்திற்குப் புறம்பான வேலைநிறுத்தம் என்றது. கூட்டமைப்பின் தலைவர் கே. சுப்பையாவும் வேறு தலைவர்களும் கைதாயினர். வேலைநிறுத்தம் செய்தோர் தாமே வேலையைத் துறந்தவராவர், மீண்டும் வேண்டுவோர் புதிதாக விண்ணப்பிக்கலாம் என்று அறிவிக்கப்பட்டது. பெரும்பாலோர் விண்ணப்பித்தனர்; அடுப்பெரிய வேண்டுமே! அடுத்த ஆண்டு, 1968 அக்டோபரில், சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருக்கும் இயக்கம் தொடங்கிற்று. அந்த இயக்கத்தைப் பற்றிப் பள்ளிப் பிள்ளைகளும் அறிவர். முந்திய ஆண்டின் நிகழ்ச்சியையோ அவர்களுடைய பாட்டன்மாரே மறந்து வருகின்றனர்.

பின்னர் பொறி வந்தது. செருமனியில் ஆல்ஃபிரட் கெர்ச்சர் 1950இல் உருவாக்கிய உயரழுத்த வெந்நீர்ப் பொறியின் வழித்தோன்றல்களை இன்று வீட்டுத் தோட்டங்களிலும் காண்கிறோம். குழாய்நீரின் அழுத்தத்தைப் பன்மடங்காக்கி ஊசிபோல் பீய்ச்சும் இப்பொறி, ஒருவர் அரைநாள் தேய்க்கும் தரையைச் சிறிது நேரத்தில் வெளுக்கச் செய்துவிடும். 1988ஆம் ஆண்டின் நகர மன்றச் சட்டத்திற்குப் பின், அடுக்குமாடி வீடுகளின் பொது இடங்களைக் கழுவும் பொறுப்பு நகர மன்றங்களிடம் சென்றது. அங்கெல்லாம் நீர்க்குழலைப் பிடித்து நிற்போருள் வங்காள தேசத்தவரும் தமிழகத்து இளைஞரும் உளர். கழுவுவதற்கு நீர் வேண்டுமல்லவா? கிராஞ்சி ஆற்றின் முகத்துவாரத்தில் அணை கட்டி 1975இல் நீர்த்தேக்கம் அமைத்தனர். பயன்படுத்திய நீரையே தூய்மையாக்கும் புதுநீர் ஆலையொன்றும் 2003இல் இவ்வட்டாரத்தில் திறக்கப்பட்டது. கழுவிய நீரையே மீண்டும் நீராக்கும் வித்தையும் கிராஞ்சிக்கு வாய்த்ததை எண்ணி நான் வியந்ததுண்டு.

எனினும் பொறி புகலாகாத இடங்களும் உள. சிமெந்துத் தரை அதன் வேகத்தைத் தாங்கும், பழங்கல் தாங்காது. உயரழுத்த நீர் கல்லின் மேற்தோலை உரித்துவிடும். உரிந்த கல்லில் துளைகள் அகலும். பாசி முன்னினும் விரைந்து பற்றும். எழுத்து வெட்டிய கல்லாயின் ஒவ்வொரு கழுவலிலும் எழுத்தின் விளிம்பு சிறிது மழுங்கும். ஐயமின்றிப் பாசி போகும். அதனுடன் பெயரும் போகும். ஆதலால் கல்லைப் பேணும் வல்லுநர், மென்மையான தூரிகையும் தூய நீரும் பொறுமையும் போதும் என்பர். பழைய துப்புரவுத் தொழிலாளியின் கருவிகளும் ஏறக்குறைய அவையே.

கிராஞ்சிக் கல்லறைகளுள் 850க்கும் மேற்பட்டவை இன்னாரென்று அறியப்படாத வீரர்களுடையவை. அவற்றில் பெயர் இல்லை. ஆயினும் பெயருள்ள கல்லைப் போலவே அவற்றையும் பாசி பற்றுகிறது. அவற்றையும் எவரோ ஒருவர் மண்டியிட்டுத் தேய்த்துவிட்டு அடுத்த கல்லுக்கு நகர்கிறார்.