வாரியப் பெருமக்களுக்கு உத்திரமேரூர் சொல்லும் பாடம்

வெளிமாநிலத்தில் வாழும் தமிழருக்குச் சங்கம்தான் ஊர்ச் சாவடி. ஆண்டுதோறும் பொதுக்குழு கூடுகிறது, புதிய செயற்குழு வருகிறது. மறுநாளே வங்கிப் புத்தகம், ரசீதுக் கட்டு, பதிவுச் சான்றிதழ் எல்லாம் கைமாறிடும். பொறுப்பை எப்படிச் சுமக்கணும்னு மட்டும் யாரும் சொல்லித் தர்றதில்லை. இதற்கு நம் முன்னோர் வழி கண்டிருக்கிறார்கள்.

எங்கள் வந்தவாசிப் பக்கத்துக்கு அதிகத் தொலைவில்லாத ஊர் உத்திரமேரூர். அங்கே வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகனின் 12, 14ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டுகள் உள்ளன; கி.பி. 919, 921 என்று கணக்கிடுவர். குடவோலை என்றதும் தேர்தல் என்று மேடையில் பேசுகிறோம். அது வாக்கெடுப்பு அல்ல, திருவுளச் சீட்டு. குடத்தில் பெயர் போடுமுன் ஆளைச் சலித்தெடுத்ததில்தான் சூட்சுமம் இருக்கு.

வயது 35க்கு மேல் 70க்குள் இருக்க வேண்டும். முந்தைய கல்வெட்டில் 30க்கு மேல் 60க்குள் என்றிருந்தது. இரண்டே ஆண்டில் விதியைத் திருத்தியிருக்கிறார்கள். கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலம், சொந்த மனையில் வீடு, வேதப் பயிற்சி, காரியத் திறமை, நேர்வழியில் வந்த பொருள் ஆகியவையும் வேண்டும். கடந்த மூன்றாண்டுக்குள் வாரியத்தில் இருந்தவர் கூடாது. இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல. அவர் அப்பன், மகன், மாமன், மைத்துனன், மருமகன் வரை விலக்கு!

30 குடும்புகளிலிருந்து ஆளுக்கொருவராக 30 பேர். அவர்களில் ஏற்கெனவே தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்கள், கல்வியிலும் வயதிலும் மூத்தவர்கள் என்று பார்த்து 12 பேரைச் சம்வத்சர வாரியத்தில் வைத்தார்கள். மற்றவர்களில் 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். பதவி 360 நாள். இதுதான் எனக்குப் பிடித்த இடம். முதலில் ஏரிக்கரையையும் தோட்டத்தையும் பார்த்தவனுக்குத்தான் ஊர்ப் பொறுப்பு முழுதும் புரியும். நம்ம கடையிலயும் அப்படித்தானே? சிட்டை எழுதிப் பழகாத பையன் கையில யாரும் பேரேட்டைக் குடுக்கமாட்டாங்க.

கணக்கு எழுதுபவனுக்கும் கட்டு உண்டு. தான் எழுதிய கணக்கைத் தானே ஒப்பிக்க வேண்டும். வேறொருவர் வந்து முடித்து வைக்கக் கூடாது. கணக்கு சுத்தம் என்று பெருமக்கள் ஏற்ற பிறகே மறுநியமனம்.

இதைப் பொற்காலம் என்று புகழ்வதற்கில்லை. அது பிராமணர் ஊரான சதுர்வேதிமங்கலத்தின் சபை. நிலமற்றவர்க்கும் மற்றச் சாதியார்க்கும் அங்கே இடமில்லை. பெண்களைப் பற்றிப் பேச்சே கிடையாது. அந்தத் தகுதிகள் நமக்கு வேண்டாம். அந்த ஒழுங்கு வேண்டும்.

சங்கங்கள் பலவும் 1860ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவானவை. ஆண்டுதோறும் நிர்வாகிகள் பட்டியல் தரச் சட்டம் சொல்கிறது. பயிற்சி தரச் சொல்லவில்லை. அதை நாமே செய்யணும். செயற்குழுவுக்கு வர விரும்புவோர் ஓராண்டு நூலகத்தையோ பொங்கல் விழாவையோ பொறுப்பேற்று நடத்தட்டும். வந்த முதல் மாதத்தில் சங்க விதிகளையும் சென்ற ஆண்டுத் தணிக்கை அறிக்கையையும் பழைய பொருளாளர் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்துக் காட்டட்டும். கணக்கு ஒப்பிக்காதவர் பெயர் அடுத்த பட்டியலில் வரவேண்டாம். அந்தக் கல்லில் வெட்டியதை நம்ம விதிப் புத்தகத்தில் அரைப் பக்கமாவது எழுதி வைப்போம்.