டீன் ஏஜ் பிள்ளை கதவைத் திறக்கலையா? இந்த வேலை அங்கேதான் ஆரம்பிக்குது!

சாயங்காலம் நாலு மணி. மூணாவது மாடி அப்பார்ட்மென்ட். பெல் அடிச்சதும் அம்மா கதவைத் திறக்கிறார். ஹாலில் டி.வி ஓடிக்கிட்டிருக்கு. நீங்கள் பார்க்க வந்த 15 வயசுப் பொண்ணு மட்டும் ரூமைச் சாத்திக்கொண்டு உள்ளே இருக்கிறாள். ஸ்கூலுக்குப் போய் மூணு வாரம் ஆச்சு. "இன்னிக்கு யாரையும் பார்க்க மாட்டேன்" என்று குரல் மட்டும் வருகிறது.

க்ளினிக்காக இருந்தால் 'வரவில்லை' என்று குறித்துவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டிருப்பார்கள். நீங்கள் அப்படிக் கிளம்பிவிட முடியாது. ஏன்னா, வீட்டுக்கே போய் டீன் ஏஜ் பிள்ளைகளின் மனநலத்துக்குத் துணை நிற்பதுதான் உங்கள் வேலை. இப்படியும் ஒரு வேலை இருக்கான்னு கேட்கிறீங்களா? இருக்கு. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் இது கோர்ட் படியேறிக் கிடைத்த உரிமை.

கோர்ட் வரைக்கும் ஏன் போச்சு?

வீடு தேடிப் போகும் முறை அமெரிக்காவில் புதுசு இல்லை. 1974-லேயே வாஷிங்டன் மாநிலத்தின் டகோமா நகரில் 'ஹோம்பில்டர்ஸ்' என்ற திட்டம் தொடங்கிவிட்டது. பிள்ளையைக் குடும்பத்திடமிருந்து பிரித்து அனுப்பிவிடுவார்கள் என்ற நிலையில் இருந்த வீடுகளுக்குப் பணியாளர்கள் நேரில் போனார்கள். ஆனால், அது ஒரு திட்டம். 'எனக்கு வேணும்' என்று ஒரு குடும்பம் உரிமையோடு கேட்கக்கூடிய விஷயமாக அது இல்லை.

2001-ல் மாசசூசெட்ஸில் சில பிள்ளைகளின் சார்பில் மாநில அரசு மீது வழக்கு போடப்பட்டது. 'ரோஸி டி' வழக்கு என்று அதற்குப் பெயர். வருமானம் குறைந்த குடும்பங்களுக்கான அரசு மருத்துவக் காப்பீடு மெடிகெய்ட். அதில் இருக்கும் 21 வயசுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்குத் தேவையான சிகிச்சையைக் கொடுத்தே ஆகணும் என்கிறது ஃபெடரல் சட்டம். நடந்தது வேற. வீட்டில் உதவி கிடைக்காமல் பிள்ளைகள் ஆஸ்பத்திரியிலும், தங்கிச் சிகிச்சை பெறும் மையங்களிலும் தேவைக்கு மேல் நாள்கணக்கில் கிடந்தார்கள். 2006 ஜனவரியில் நீதிபதி மைக்கேல் பான்சர் பிள்ளைகள் பக்கம் தீர்ப்புச் சொன்னார். 2009-ல் வீட்டுச் சேவைகள் ஒவ்வொன்றாகத் தொடங்கின.

யார் போவாங்க, என்ன செய்வாங்க?

பொதுவாக இரண்டு பேர் சேர்ந்த டீம். ஒருவர் முதுகலை படித்த தெரபிஸ்ட். குடும்பத்துக்கான சிகிச்சைத் திட்டத்தை எழுதுவது அவர். இன்னொருவர் துணைப் பணியாளர். டிகிரி முடித்த கையோடு இளைஞர்கள் பலர் நுழைவது இந்த இரண்டாவது இடத்தில்தான். தெரபிஸ்ட் போட்ட திட்டத்தை அன்றாட வாழ்க்கையில் பழக்குவது அவர் பொறுப்பு.

கேட்கப் பெரிசா இருக்கும். பார்த்தா சின்னச் சின்ன விஷயங்கள்தான். காலையில் எழுந்ததும் போனை எடுப்பதற்கு முன் என்ன செய்வது, பஸ் ஸ்டாப் வரைக்கும் ஒருமுறை சேர்ந்து நடந்து பார்ப்பது, கோபம் ஏறும்போது உடம்பில் முதலில் எது மாறுது என்று கவனிக்கச் சொல்லித்தருவது, அப்பாகிட்ட கேட்க நினைச்சதைக் கத்தாம கேட்டுப் பழகுவது... பூட்டின கதவுக்கு வெளியே அரை மணி நேரம் தரையில் உட்கார்ந்து அம்மாவோடு பேசுவதும் வேலைதான். உள்ளே இருக்கிற பொண்ணு காது கொடுத்துக் கேட்டுக்கிட்டுதான் இருப்பாள்!

க்ளினிக்கில் தெரியாத பல விஷயங்கள் வீட்டில் தெரியும். பிள்ளைக்குத் தனியா படுக்க இடமே இல்லாமல் இருக்கலாம். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வரும் அம்மாவும் ஸ்கூலுக்குக் கிளம்பும் பிள்ளையும் வாசலில் ஒரு நிமிஷம் மட்டும் பார்த்துக்கொள்ளலாம். 'ஒத்துழைக்காத குடும்பம்' என்று ஃபைலில் எழுதுவது ரொம்ப ஈஸி. ஒரு சாயங்காலம் அங்கே உட்கார்ந்து பார்த்தால் அந்த வார்த்தையை எழுதக் கை வராது.

லாரன்ஸ் நகரில் ஸ்பானிஷ் பேசும் குடும்பங்கள் அதிகம். அந்த மொழி தெரியாமல் போனால், பிள்ளையையே மொழிபெயர்க்கச் சொல்லும் ஆபத்து இருக்கு. தன்னைப் பற்றி அம்மா சொல்லும் புகாரை, தானே மொழிபெயர்க்கும் பையனின் நிலைமையை யோசிச்சுப் பாருங்க. மொழிபெயர்ப்பாளரை முன்கூட்டியே ஏற்பாடு செய்வது கட்டாயம்.

"அம்மாகிட்ட சொல்ல மாட்டீங்கல்ல?"

இந்த வேலையின் கஷ்டமான இடம் இதுதான். சில வாரம் பழகினதும் பிள்ளை உங்களை நம்ப ஆரம்பிக்கும். ஒருநாள் இந்தக் கேள்வி வரும். 'சத்தியமா சொல்ல மாட்டேன்' என்று மட்டும் வாக்குக் கொடுத்துடாதீங்க.

எதை ரகசியமாக வைக்க முடியும், எதை முடியாது என்பதை முதல் சந்திப்பிலேயே, பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து இருக்கும்போதே சொல்லிவிட வேண்டும். காதல், சண்டை, அம்மா மேல இருக்கிற கோபம் எல்லாம் பெரும்பாலும் உங்களோடு இருக்கும். உயிருக்கு ஆபத்து என்றால் இருக்காது. யாரோ துன்புறுத்துகிறார்கள், கவனிக்காமல் விடுகிறார்கள் என்று சந்தேகிக்க நியாயமான காரணம் இருந்தாலும் இருக்காது. மாசசூசெட்ஸ் சட்டப்படி, அதைக் குழந்தைகள் நலத் துறைக்கு உடனே வாய்மொழியாகச் சொல்லணும், 48 மணி நேரத்துக்குள் எழுத்திலும் கொடுக்கணும். '51ஏ' என்று அதைக் குறிப்பிடுவார்கள். உங்களுக்குக் காபி போட்டுக் கொடுத்த அதே வீட்டைப் பற்றி நீங்கள் அதை எழுத வேண்டி வரலாம். முதலிலேயே சொல்லியிருந்தால் பிள்ளைக்குக் கோபம் வரும், ஆனா ஏமாத்திட்டாங்கன்னு தோணாது.

சாக நினைப்பதாகப் பிள்ளை சொன்னால், தனியா முடிவெடுக்கிற வேலை உங்களுடையது இல்லை. தெரபிஸ்ட்டையும் சூப்பர்வைசரையும் அங்கிருந்தே கூப்பிடணும். பிள்ளையைத் தனியாக விடக் கூடாது. இதற்காகவே முன்கூட்டி எழுதிவைக்கும் பாதுகாப்புத் திட்டம் ஒன்று உண்டு. பார்பரா ஸ்டான்லி, கிரெகரி பிரவுன் என்ற இரு உளவியலாளர்கள் உருவாக்கிய வடிவம் அமெரிக்காவில் பரவலாகப் பயன்படுகிறது. மனசு சரியும்போது தெரியும் அறிகுறிகள், தானே செய்து பார்க்கக்கூடியவை, யாரிடம் போகலாம், யாரைக் கூப்பிடலாம், வீட்டில் எதைப் பூட்டி வைக்கணும் என எல்லாமே பிள்ளையின் சொந்த வார்த்தையில் ஒரே தாளில் இருக்கும். நீங்களே நிரப்பிக் கொடுத்தால் அது ட்ராயருக்குள் போய்விடும்.

சம்பளமும் சலிப்பும்

சொந்தக் கார் இல்லாமல் இந்த வேலை கஷ்டம். பனி கொட்டும் ஜனவரியில் ஒரே நாளில் மூணு வீடு போகணும். காப்பீட்டுக் கணக்கு 15 நிமிஷத்துக்கு ஒரு யூனிட். குடும்பம் கடைசி நேரத்தில் 'இன்னிக்கு வேணாம்' என்றால் அந்த நேரத்துக்குப் பணம் கேட்க முடியாது. பார்த்த மணிக்கு மட்டும் சம்பளம் தரும் நிறுவனத்தில் சேர்ந்தால், அந்த நஷ்டம் உங்கள் தலையில்தான் விழும். இன்டர்வியூவில் இரண்டு கேள்வி கேளுங்க: ரத்தான சந்திப்புக்குச் சம்பளம் உண்டா? வாராவாரம் சூப்பர்விஷன் யார் தருவார்? இரண்டாவதுக்கு மழுப்பினால் யோசிங்க. கேட்ட கதைகளை இறக்கிவைக்க இடமில்லாமல் போனால் சீக்கிரமே சோர்ந்துபோவீங்க.

இங்கிருந்தபடி இந்தத் துறைக்கு வர ஆசையா? தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் மருத்துவ, மனநலச் சமூகப்பணிப் பிரிவோடு எம்.எஸ்.டபிள்யூ படிக்கலாம். அதற்கு மேல் பெங்களூரு நிம்ஹான்ஸில் மனநலச் சமூகப்பணியில் எம்.ஃபில் படிப்பை வழங்கிவந்திருக்கிறார்கள். படிக்கும்போதே களப்பணியில் வீடுகளுக்குப் போகும் வாய்ப்பு இருந்தால் கேட்டு வாங்குங்க.

வேலைக்காக இல்லை, எனக்கோ என் ஃப்ரெண்டுக்கோ இப்பவே பேச ஆள் வேணும் என்றால், மத்திய அரசின் டெலி-மானஸ் எண் 14416. 2022 அக்டோபரில் தொடங்கிய இலவச சேவை இது, 24 மணி நேரமும் உண்டு. தமிழிலேயே பேசலாம்.