பேரு மட்டும் பொம்பளைப் பேரு

ஸ்ரீரங்கத்துல போய் சுஜாதான்னு சொன்னா யாருக்கும் ஒரு பெண் ஞாபகத்துக்கு வராது. பாட்டி வீட்டுல வளர்ந்து, திருச்சி ஜோசப் காலேஜ்ல படிச்ச எஸ். ரங்கராஜன்தான் வருவார். 1960-களில் அவர் குமுதத்தில் எழுத வந்தபோது அங்கே ஏற்கனவே ஒரு ரா.கி. ரங்கராஜன் இருந்தார். குழப்பம் வேண்டாமேன்னு மனைவி பேரை எடுத்துக்கிட்டார். தமாஷ் என்னன்னா, அந்த ரா.கி.ர.வும் 'மாலதி'ங்கற பேர்ல எழுதினவர்!

ஆனா வாத்தியார் எழுத்துல பெண் வேஷமெல்லாம் கிடையாது. வசந்த் அடிக்கற ஜொள்ளைப் படிச்சா ரெண்டாவது பக்கத்துலயே இது ஆம்பளை எழுத்துன்னு தெரிஞ்சுடும். பேரு வெறும் லேபிள். (லேபிளைக் கொடுத்தவர்தான் பாவம், சொந்தப் பேரையே 'திருமதி' போட்டு விளக்க வேண்டியதாச்சு.)

நிஜமான வேஷம் வேணும்னா நம்மாழ்வார் கிட்ட போகணும். திருவாய்மொழி ஏழாம் பத்துல ரெண்டாவது பதிகம், ஸ்ரீரங்கத்துக்கானது. அரங்கன் மேல ஆசைப்பட்டு துவண்டு கிடக்கற பொண்ணுக்காக அவ அம்மா அரங்கன் கிட்டயே முறையிடறா. அம்மாவும் ஆழ்வார்தான், பொண்ணும் ஆழ்வார்தான். வைஷ்ணவர்கள் அந்தப் பொண்ணுக்கு பராங்குச நாயகின்னு பேரே வெச்சுட்டாங்க. திருமங்கையாழ்வார் பெண்ணானா பரகால நாயகி. யாரும் முகம் சுளிக்கலை. எப்படிச் சுளிப்பாங்க? வைகுண்ட ஏகாதசிக்கு முதல் நாள் நம்பெருமாளே மோகினி அலங்காரத்துலதானே வர்றார்.

இதெல்லாம் ஆம்பளைங்களுக்குக் கிடைச்ச சலுகைன்னு எனக்குத் தோணும். வேணும்னா போட்டுக்கலாம், வேண்டாம்னா கழட்டி வெச்சுடலாம்.

அதே திருச்சி மாவட்டத்துல துவரங்குறிச்சி. பெரியவளானதும் பள்ளிக்கூடத்தை விட்டு நிறுத்தப்பட்ட ரொக்கையா, கல்யாணத்துக்கு அப்புறம் வீட்டுக்குத் தெரியாம கவிதை எழுதினார். சொந்தப் பேர்ல வந்தா மாட்டிக்குவார். அதனால 'சல்மா'. இங்கே ஆண் பெண் மாறாட்டம் எதுவும் இல்லை. ஒரு பெண் பெண்ணாவே எழுதறதுக்கு இன்னொரு பெண் பேர் தேவைப்பட்டது, அவ்வளவுதான். 2000-ல் 'ஒரு மாலையும் இன்னொரு மாலையும்' தொகுப்பு, 2004-ல் 'இரண்டாம் ஜாமங்களின் கதை' நாவல்.

2025-ல் மாநிலங்களவைக்கு தி.மு.க. வேட்பாளர்களை அறிவிச்சப்போ அவர் பேரை இப்படிப் போட்டிருந்தாங்க: ரொக்கையா மாலிக் என்கிற கவிஞர் சல்மா.