சலுகை வேண்டாத வழக்கறிஞர்

ஆய்க்குடியிலிருந்து தென்காசி வழியாகச் செங்கோட்டைக்குச் செல்கிறவர் கண்களுக்கு இன்று எல்லை என ஒன்றும் தென்படுவதில்லை. மேற்கே மலை, இருபுறமும் வயல், இடையிடையே தென்னந்தோப்பு. ஆயினும் இவ்வட்டாரத்து முதியோர் சிலர் பேச்சுவாக்கில் 'மகாராஜா சீமை' என்று சொல்ல நாம் கேட்டிருக்கிறோம். அது வெறும் பழங்கதை அன்று. 1956 நவம்பர் 1ஆம் நாள் மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோதுதான் செங்கோட்டை தமிழகத்தோடு இணைந்தது. அதற்கு முன்பு அங்கு வாழ்ந்த தமிழர் திருவிதாங்கூர்ச் சட்டத்தின் கீழ் இருந்தனர். எனவே திருவனந்தபுரத்து மேடைகளிலும் நீதிமன்றங்களிலும் நிகழ்ந்த வரலாறு நம் வட்டாரத்தின் வரலாறுமாகும். அவ்வரலாற்றில் நாம் மறந்துபோன பெயர் ஒன்றைப் பற்றி இங்குச் சிந்திப்போம். அவர் பெயர் அன்னா சாண்டி.

1905ஆம் ஆண்டு, ஆங்கிலிக்கன் சபையைச் சேர்ந்த சிரியன் கிறிஸ்தவக் குடும்பத்தில் அவர் பிறந்தார்; திருவனந்தபுரத்தில் வளர்ந்தார். 1926இல் சட்டத்தில் பட்டம் பெற்றார். கேரளப் பெண்களுள் அப்பட்டத்தை முதலில் பெற்றவர் அவரே. அக்காலச் சூழலை நினைத்தால்தான் இதன் அருமை விளங்கும். 1916இல் கல்கத்தாவில் ரெஜினா குகா என்ற பெண்மணி, சட்டம் பயின்றிருந்தும், பெண் என்ற ஒரே காரணத்தால் வழக்குரைஞராகப் பதிவு செய்யப்படவில்லை. பிரிட்டிஷ் இந்தியாவில் அந்தத் தடையை நீக்கிய சட்டம் 1923இல்தான் பிறந்தது. அன்னா சாண்டியோ 1929 முதல் வழக்குரைஞராகத் தொழில் நடத்தத் தொடங்கினார்.

ஆனால் நீதிமன்றத்திற்கு முன்பே அவரை நாடறியச் செய்தது ஒரு மேடை. 1928ஆம் ஆண்டு, பெண்களுக்கு அரசுப் பணிகளில் இடம் ஒதுக்கலாமா என்பது பற்றித் திருவனந்தபுரத்தில் ஒரு கூட்டம் நடந்தது. டி.கே. வேலுப்பிள்ளை எழுந்து, மணமான பெண்கள் அரசுப் பணிக்குச் சென்றால் இல்லறத்தின் இன்பம் கெடும் என வாதிட்டார். இவர் எளியவர் அல்லர். பின்னாளில், 1940இல், திருவிதாங்கூர் அரசின் வரலாற்றுக் கையேட்டைத் தொகுத்த பேரறிஞர். அவருக்கு மறுமொழி சொல்லவென்றே கோட்டயத்திலிருந்து வந்திருந்தார் அன்னா சாண்டி. வயது இருபத்து மூன்றோ நான்கோ. சினந்து பேசவில்லை, கண்ணீர் வடிக்கவுமில்லை. நீதிமன்றத்தில் எதிர்த்தரப்பு மனுவைப் பிரித்து ஆராய்வதுபோல் ஒவ்வொரு வாதமாக எடுத்து, அதன் வலுவின்மையைக் காட்டிக்கொண்டே சென்றார். ஆணின் இன்பத்திற்காகவே படைக்கப்பட்டவள் பெண் என்ற எண்ணமே அவ்வாதங்களுக்கெல்லாம் அடித்தளம் என்பதை அவையோருக்கு உணர்த்தினார். அன்று முதல் அவர் குரலைக் கேளாதார் போல் நடிக்க எவராலும் முடியவில்லை.

பேச்சோடு நில்லாமல் 'ஸ்ரீமதி' என்னும் மலையாளத் திங்களிதழைத் தொடங்கி ஆசிரியராகவும் இருந்தார். சிறுகதையும் வீட்டு நலமும் அதில் இடம்பெற்றன. அவற்றோடு கைம்பெண் மறுமணமும், வயலில் உழைக்கும் பெண்களுக்கு இழைக்கப்பட்ட அநீதியும் பேசப்பட்டன. 1931இல் ஸ்ரீமூலம் மக்கள் சபைத் தேர்தலில் நின்றபோது போட்டியாளரும் செய்தித்தாள்களும் அவர்மீது வசைமாரி பொழிந்தனர். அவர் சோரவில்லை. 1932இல் உறுப்பினராகி 1934 வரை அச்சபையில் பணியாற்றினார்.

1937இல் திவான் சர் சி.பி. இராமசாமி ஐயர் அவரை முன்சீபாக நியமித்தார். இந்தியாவில் நீதிபதி இருக்கையில் அமர்ந்த முதல் பெண் அவரே. 1948இல் மாவட்ட நீதிபதியானார். 1959 பிப்ரவரி 9ஆம் நாள் கேரள உயர்நீதிமன்ற நீதிபதியாகப் பொறுப்பேற்றார். 1967 ஏப்ரல் வரை அப்பதவியில் இருந்தார். இங்கிலாந்தின் உயர்நீதிமன்றத்திலேயே ஒரு பெண், எலிசபெத் லேன், அமர்ந்தது 1965இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால் நம் நாட்டுப் பெண்மணியின் முதன்மை புலப்படும். நம் உச்சநீதிமன்றத்திற்கு முதல் பெண் நீதிபதியாக பாத்திமா பீவி வந்தது 1989இல். பின்னாளில் தமிழக ஆளுநராக இருந்தவரும் அவரே. அமெரிக்காவில், போர்ட்டோ ரிக்கோவிலிருந்து குடிபெயர்ந்த எளிய பெற்றோரின் மகளான சோனியா சோட்டோமேயர் அந்நாட்டு உச்சநீதிமன்றத்தில் அமர்ந்தது 2009இல். லத்தீன் அமெரிக்க மரபினருள் அவரே முதல்வர். சிறுபான்மைக் குடும்பங்களின் பெண்மக்கள் அவரைப் பார்த்து 'நம்மாலும் இயலும்' என்று துணிவு கொள்கின்றனர். அத்தகைய துணிவை அரை நூற்றாண்டுக்கு முன்பே நம் மலைக்கு அப்பால் ஒருவர் விதைத்திருந்தார்.

இவற்றை மட்டும் சொல்லி முடித்துவிட்டால் இக்கட்டுரை வெறும் புகழ்ச்சியாகிவிடும். அவர் வாழ்வில் நம்மைத் தயங்கி நிற்கச் செய்யும் இரண்டு செய்திகள் உண்டு.

முதலாவது: திருவிதாங்கூர்ச் சட்டம் மரண தண்டனையிலிருந்து பெண்களுக்கு விலக்கு அளித்திருந்தது. 1935இல் அவர் அந்த விலக்கை எதிர்த்து எழுதினார். பெண்ணுக்காகப் போராடிய பெண்ணே பெண்ணின் கழுத்துக்குக் கயிறு கேட்பதா என்று நாம் திகைக்கிறோம். ஆனால் அவர் உள்ளத்தில் இருந்த நியாயம் வேறு. பெண் பலவீனமானவள், முழுப் பொறுப்பும் ஏற்கத் தகுதியற்றவள் என்பதால் தரப்படும் இரக்கத்தை ஒரு நாளில் பெற்றுக்கொண்டால், மறுநாள் அதே காரணத்தைச் சொல்லி வேலையையும் வாக்கையும் மறுப்பார்கள் என அவர் கண்டார். சலுகை என்பது பல வேளைகளில் அழகுபடுத்தப்பட்ட மறுப்பு. அவர் கண்டது உண்மை. எனினும் அவர் காட்டிய தீர்வை நாம் ஏற்பதற்கில்லை. 1944இல் திருவிதாங்கூர் அரசு மரண தண்டனையையே ஒழித்தது. பெண்ணுக்கு இருந்த பாதுகாப்பு ஆணுக்கும் கிடைத்தது. இந்திய ஒன்றியத்தோடு இணைந்த பின் அத்தண்டனை திரும்பி வந்துவிட்டது. ஆயினும் சமத்துவத்துக்கு இப்படியும் ஒரு வழி உண்டென்பதை அச்சில ஆண்டுகள் காட்டின. நம் திருச்சபையும் 2018இல் மறைக்கல்வி நூலைத் திருத்தி, மரண தண்டனை ஏற்கத்தகாதது எனத் தெளிவாக்கியது.

இரண்டாவது: அதே 1935இல் திருவனந்தபுரத்தில் கூடிய அனைத்திந்திய மகளிர் மாநாட்டில், கருத்தடை பற்றியும் தாய்மை நலம் பற்றியும் அறிவுறுத்தும் நிலையங்கள் நாடெங்கும் வேண்டுமென அவர் வலியுறுத்தினார். கிறிஸ்தவப் பெண் பிரதிநிதிகளே அதை எதிர்த்தனர். செயற்கைக் கருத்தடை பற்றிய திருச்சபையின் போதனை நாம் அறிந்ததே. அதில் அவரோடு நாம் உடன்பட இயலாது. ஆனால் பேறுகாலத்தில் தாய்மார் மடிவதைக் கண்டு துடித்த உள்ளத்தை நாம் பழிக்கவும் இயலாது. பிற்காலத்தில் அவரே கத்தோலிக்கத் திருச்சபையில் சேர்ந்தார் என்பது நாம் எளிதில் தீர்ப்பிடக் கூடாது என்பதற்கு ஒரு பாடம். 1973இல் தம் வரலாற்றை நூலாக வெளியிட்ட அவர், 1996இல் இறைவனடி சேர்ந்தார்.

சலுகையா உரிமையா என்ற அவர் வினா நம் இல்லங்களுக்கு உள்ளும் வந்து நிற்கிறது. திருவிதாங்கூரில் 1916ஆம் ஆண்டுக் கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், தந்தை உயில் எழுதாமல் இறந்தால், மகனின் பங்கில் நான்கில் ஒன்று அல்லது ஐயாயிரம் ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே மகளுக்கு என்றது. கோட்டயத்து மேரி ராய் தொடுத்த வழக்கில், 1986இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் செல்லாது என்றும், இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு என்றும் தீர்ப்பளித்தது.

தீர்ப்பு வந்துவிட்டது; வழக்கம் மாறிவிட்டதா? பங்குப் பணியில் நாம் பலமுறை கண்ட காட்சி ஒன்றுண்டு. தகப்பனாரின் முப்பதாம் நாள் பூசை முடியும். உணவுக்குப் பின் அண்ணன் ஒரு தாளை எடுத்து வருவார். "உனக்குத்தான் நகை போட்டு, சீர் செய்து அனுப்பினோமே அம்மா, இதிலே ஒரு கையெழுத்துப் போட்டுவிடு." அதுதான் விடுதலைப் பத்திரம். பிறந்த வீட்டு வாசல் அடைபட்டுவிடுமோ என்ற அச்சத்தில் தங்கை கையெழுத்திடுவாள். அவள் விட்டுக்கொடுத்தாளா, விட்டுக்கொடுக்க வைக்கப்பட்டாளா என்று எவரும் கேட்பதில்லை. சாட்சிகளாக ஊர்ப் பெரியவர்கள் அமர்ந்திருந்தார்கள். சில வேளைகளில் நாமும் அருகில் அமர்ந்து வாளாவிருந்தோம். அந்த மௌனத்திற்கு நாம் கடவுள் முன் கணக்குக் கொடுக்க வேண்டும்.

பேரீச்ச மரத்தடியில் தெபோரா அமர்ந்திருக்க, இஸ்ரயேல் மக்கள் தம் வழக்குகளுக்குத் தீர்ப்புப் பெற அவரிடம் சென்றனர் என்று மறைநூலில் படிக்கிறோம். அவர் பெண் என்பதால் எவரும் தீர்ப்பைத் தள்ளியதாக அங்கே காணோம். நம் வீட்டுத் திண்ணையில் அடுத்த முறை அந்தத் தாள் விரிக்கப்படும்போது, அண்ணனாகவோ சாட்சியாகவோ அங்கு அமரும் நாம் ஒன்று செய்யலாம். எழுதுகோலைத் தங்கையின் கையில் கொடுப்பதற்கு முன், அவளுக்குரிய பங்கு எவ்வளவு என்பதை அவளிடம் சொல்லலாம். அதன்பின் அவள் விட்டுக்கொடுத்தால் அது அன்பு. கேட்டுப் பெற்றால் அது நீதி. இரண்டுமே அவளுடைய முடிவாக இருக்கட்டும்.