கல்லும் கொழுவும்: ஆழமில்லாக் கடலில் நங்கூரத்தின் வரலாறு

கடலோடிகளின் பெருமையைப் பேசுவோர் பாயைப் பற்றிப் பேசுவர். பாய்மரத்தைப் பற்றியும் திசையறி கருவியைப் பற்றியும் பேசுவர். நங்கூரத்தைப் பற்றிப் பேசுவோர் மிகச் சிலரே. கலத்தை ஓட்டுவது ஒரு கலையாயின் அதனை நிறுத்தி வைப்பதும் ஒரு கலையே. நடுக்கடலில் அழிந்த கலங்களைக் காட்டிலும் கரையைக் கண்ட பின்னர் நிற்க மாட்டாமல் அழிந்த கலங்களைப் பற்றி நாம் அடிக்கடி கேள்விப்படுகின்றோம்.

காலித் துறைமுகத்திலே 1659 ஆம் ஆண்டு நிகழ்ந்த ஒன்றைச் சான்றாகக் கூறலாம். ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கும்பனிக்குரிய 'அவொண்ட்ஸ்டர்' என்னும் கப்பல், இந்தியாவுக்குக் கொண்டு செல்லவேண்டிய பாக்கை ஏற்றிக்கொண்டு துறைமுகத்துள்ளேயே தங்கியிருந்தது. புயலைக் கடந்து, பெருங்கடலைக் கடந்து வந்த அக்கப்பல், நங்கூரம் பிடி தவறியமையால் கரையோரத்தில் மோதி அமிழ்ந்தது. கரையிலிருந்து கூப்பிட்டாற் கேட்கும் தூரத்தில் அதன் உடல் மணலுட் புதைந்து கிடந்தது. ஏறத்தாழ மூன்றரை நூற்றாண்டுகளின் பின்னர், 2001 ஆம் ஆண்டு முதல் ஆய்வாளர் அதனை அகழ்ந்து ஆராய்ந்தனர். ஆழங் குறைந்த நீர் அபாயங் குறைந்த நீரன்று என்பதற்கு இது போதிய சான்றாகும்.

இனி, நங்கூரம் எவ்வாறு தோன்றியது என்பதை நோக்குவோம். முதல் நங்கூரம் எந்தப் பட்டறையிலும் பிறந்ததன்று. கடற்கரையிற் கிடந்த கல்லொன்றை எடுத்து, அதனைக் கயிற்றாற் கட்டி நீரில் இட்டவனே முதல் நங்கூரத்தைச் செய்தவன். கட்டிய கயிறு வழுவியபோது கல்லிலே துளையிட அவன் கற்றுக்கொண்டான். துளையிட்ட இத்தகைய கற்களை மத்தியதரைக் கடலின் அடியிலும் இந்து சமுத்திரத்தின் அடியிலும் ஆய்வாளர் பெருந்தொகையாகக் கண்டெடுத்துள்ளனர்.

ஆயினும், கல்லுக்கு ஒரு குறை உண்டு. நீரில் மூழ்கிய பொருள், தான் விலக்கிய நீரின் எடையளவுக்குத் தன் எடையில் இழக்கின்றது. தரையில் 30 கிலோ நிறையுள்ள கருங்கல் கடலுள் ஏறத்தாழ 19 கிலோவாக நிற்கும். அதே நிறையுள்ள இரும்போ ஏறத்தாழ 26 கிலோவாக நிற்கும். இன்று சிறு படகுகளுக்காகத் தகரப் பேணியிலே கொங்கிறீற்றை வார்த்து, அதில் இரும்பு வளையம் பதித்து நங்கூரம் செய்வோர் உளர். கொங்கிறீற்று கருங்கல்லினும் சற்று இலேசானது. ஆகவே, கண்ணுக்குப் பெரிதாகத் தோன்றும் அந்நங்கூரம் கடலுள் எதிர்பார்த்த பாரத்தைத் தருவதில்லை. பாரத்தை மட்டும் நம்பிய நங்கூரம் காற்று மிகும்போது நிலத்தில் இழுபட்டுச் செல்லும்.

இக்குறையை நீக்க மனிதன் கண்ட வழி வியக்கத்தக்கது. மரத்தின் கவைக்கொம்பு ஒன்றை வெட்டி, அதனோடு கல்லை வரிந்து கட்டினான். கல் கொம்பை அடிநிலத்துக்குக் கொண்டு சென்றது. கொம்பு நிலத்தைக் கிழித்துப் பற்றிக்கொண்டது. உழவனுடைய கலப்பையின் கொழு செய்யும் வேலையையே இக்கொம்பும் செய்கின்றது. கலப்பையை மேல்நோக்கி இழுத்தால் அது நிலத்தை விட்டு எழும். கிடையாக இழுத்தால் மேலும் ஆழமாகப் பதியும். நங்கூரத்தின் இரகசியம் முழுவதும் இவ்வொரு செய்தியில் அடங்கியுள்ளது.

இந்து சமுத்திரத்து வணிகர் இக்கருத்தைக் கல்லிலேயே அமைத்துக் கொண்டனர். நீண்டு, நான்கு பக்கமாகச் செதுக்கிய தூண் போன்ற கல்; அதன் மேல்முனையிற் கயிற்றுக்கு ஒரு துளை; கீழ்ப்பகுதியில் ஒன்றுக்கொன்று குறுக்காக இரு சதுரத் துளைகள். அத்துளைகளுள் மரக்கைகளைச் செருகினால், எப்பக்கம் வீழ்ந்தாலும் ஒரு கையேனும் நிலத்திற் பதியும். இந்தோ-அரேபிய நங்கூரம் என ஆய்வாளர் வழங்கும் இவ்வகைக் கற்கள் பாரசீக வளைகுடாவிலும் ஓமானிலும் ஆபிரிக்கக் கீழைக்கரையிலும் இந்தியாவின் மேலைக்கரையிலும் கிடைத்துள்ளன. காலித் துறைமுகத்தில் 1992 இல் தொடங்கிய ஆய்வுகளும் நமது தீவை இவ்வரிசையிற் சேர்த்தன. மரக்கைகள் கடற்புழுவுக்கு இரையாயின, கயிறு மக்கியது, கல் மட்டுமே சாட்சியாக எஞ்சியது.

மேற்கே உரோமரும் இத்துறையிற் பின்தங்கியிருக்கவில்லை. உரோமாபுரிக்கு அண்மையிலுள்ள நேமி ஏரியின் நீரை இறைத்து, 1929 முதல் 1932 வரை இரு பெருங் கலங்களை வெளிக்கொணர்ந்தனர். அவை கலிகுலா மன்னன் காலத்தவை; அஃதாவது கி.பி. முதலாம் நூற்றாண்டுக்குரியவை. அங்கே கிடைத்த நங்கூரங்களுள் ஒன்று ஈயக் குறுக்குத்தண்டு பூட்டிய மர நங்கூரம். மற்றொன்று கழற்றி வைக்கத்தக்க குறுக்குத்தண்டுடைய இரும்பு நங்கூரம். இவ்வமைப்பு அண்மைக்காலப் புதுமை என்று எண்ணியிருந்தோர் வியப்படைந்தனர்.

நமது வடகடலை நோக்குவோம். பாக்கு விரிகுடாவின் பெரும்பகுதி 15 மீற்றருக்கும் குறைந்த ஆழமுடையது. யாழ்ப்பாணக் கடனீரேரியோ சில மீற்றர் ஆழமே கொண்டது. சோளகமும் வாடையும் மாறி மாறி வீசும் இக்கடலிலே மணலும் சேறும் பாரும் அடுத்தடுத்து வருகின்றன. இவ்வழியாக வந்த வணிகக் கலங்கள் அடைந்த இன்னலுக்கு நயினாதீவிலுள்ள தமிழ்க் கல்வெட்டு ஒன்று சான்று பகர்கின்றது. பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஆண்ட முதலாம் பராக்கிரமபாகு மன்னனுடைய அக்கட்டளை, பரதேசிகள் ஊராத்துறையில் வந்து கூடவேண்டும் என்றும், அவர்களுக்குப் பாதுகாப்பு அளிக்கவேண்டும் என்றும் கூறுகின்றது. யானை குதிரை கொண்டுவரும் மரக்கலம் உடைந்தால் நாலில் ஒன்று அரச பண்டாரத்துக்கு. மூன்று பங்கு உடையவனுக்கு. வாணிபச் சரக்கு ஏற்றிவந்த கலம் உடைந்தால் செம்பாதி பண்டாரத்துக்கு, செம்பாதி உடையவனுக்கு. ஊராத்துறை என்பது இன்றைய ஊர்காவற்றுறையே. கலம் உடைவது அடிக்கடி நிகழாத ஒன்றாயின், அதற்கென மன்னன் பங்கு விகிதம் வகுத்துக் கல்லிற் பொறிக்க வேண்டிய தேவை எழுந்திராது. ஒரு கயிற்றின் உறுதியிலும் ஒரு கல்லின் பிடியிலும் ஒரு வணிகனின் வாழ்நாட் செல்வம் தங்கியிருந்தது.

ஆழமில்லா நீரில் நங்கூரமிடுவோன் அறியவேண்டிய முதல் விதி கயிற்றின் நீளம் பற்றியது. ஆழம் 3 மீற்றராயின் 3 மீற்றர் கயிறு போதும் என்று எண்ணுதல் பேதைமை. அவ்வாறு இட்ட கயிறு அலை எழும்போதெல்லாம் நங்கூரத்தை மேலே தூக்கும். ஆழத்தைப்போல் ஐந்து முதல் ஏழு மடங்கு கயிறு விடவேண்டும். 3 மீற்றர் நீரில் 15 முதல் 21 மீற்றர் வரை கயிறு விட்டால் இழுவிசை ஏறத்தாழக் கிடையாக அமையும், கொழு பதியும். கயிற்றின் நங்கூரத்துப் பக்கத்தில் சிறிது சங்கிலி கோத்தால், அதன் பாரம் கயிற்றைத் தாழ்த்திப் பிடியை உறுதியாக்கும். சிறிய நங்கூரமும் நீண்ட கயிறும், பெரிய நங்கூரத்தையும் குறுகிய கயிற்றையும் வெல்லும்.

நிலத்தின் இயல்பையும் அறிதல் வேண்டும். மணலுக்குக் கூரிய கொழு பொருந்தும். இளஞ்சேற்றுக்கு அகன்ற தகடு வேண்டும். பாருக்கு வளைந்த கம்பிகள் கொண்ட பல்கை நங்கூரம் ஏற்றது. சிக்கிக்கொண்டால் பலமாக இழுக்கும்போது கம்பி நிமிர்ந்து விடுபடும். இரும்புக் கம்பிகளைக் குழாயொன்றினுள் செருகி வளைத்து மீனவர் தாமே செய்துகொள்ளும் நங்கூரத்தின் நயம் இதுவே.

தன் படகுக்குத் தானே நங்கூரம் செய்தோர் மீனவர் மட்டுமல்லர். ஆங்கிலேயக் கணித விஞ்ஞானி ஜெப்ரி இங்கிறம் டெயிலர், படகோட்டத்தில் விருப்பமுடையவர். பாரமான நங்கூரத்தைச் சிறு படகிற் சுமப்பது அவருக்குத் தொல்லையாயிற்று. கலப்பைக் கொழு வடிவில் அவர் அமைத்த நங்கூரம் 1933 ஆம் ஆண்டு உலகுக்கு அறிமுகமாயிற்று. கவைக்கொம்பை வெட்டிய பெயரறியா மீனவன் கைப்பழக்கத்தால் உணர்ந்ததை அவ்வறிஞர் கணக்கினாற் கண்டார்.

நேயர்களே, அரசர் பெயரைக் கல்வெட்டுகள் காத்துத் தந்தன. நங்கூரம் செய்தவன் பெயரை எக்கல்வெட்டும் தரவில்லை. அவன் துளைத்த கல்லே அவனுடைய கல்வெட்டு. அத்தகைய கல் கடலடியில் எவ்விடத்திற் கிடக்கின்றது என்பதே அதன் பொருளில் பாதி. கலம் நின்ற துறையையும் வந்த வழியையும் அதுவே சொல்லும். இடம் பெயர்த்துக் கரைக்குக் கொண்டுவந்து துவைகல்லாக்கினால் அக்கல் ஊமையாகிவிடும். ஆகவே, துளையுள்ள கல்லொன்றை வலையிலோ சுழியோடும்போதோ காண்பவர், அதனைக் கண்ட இடத்திலேயே விட்டு, இடத்தைக் குறித்துத் தொல்பொருட் திணைக்களத்தாருக்கு அறிவிப்பாராக. நம் முன்னோர் நின்ற இடங்களை அறிந்தாலன்றி, அவர்கள் சென்ற வழிகளை நாம் அறிதல் இயலாது.