சமச்சீரிலிருந்து சமன்பாட்டுக்கு

ஒரு வகைக்கெழுச் சமன்பாட்டின் தீர்வை நகர்த்தியோ சுழற்றியோ நீட்டியோ பெறுவதும் அதே சமன்பாட்டின் தீர்வாக இருந்தால், அந்த மாற்றம் சமன்பாட்டின் சமச்சீர். இதைக் கணக்குப் போடும் கருவியாக்கியவர் நார்வேயின் சோஃபுஸ் லீ (1842–1899). 1881இல் அவர், வெப்பம் பரவுவதை விவரிக்கும் வெப்பச் சமன்பாட்டின் சமச்சீர்களைக் கண்டறிந்தார். சமச்சீர் ஒன்று கையில் இருந்தால் மாறிகள் குறையும். இடமும் காலமும் கலந்த சமன்பாடு ஒரே மாறியில் சுருங்கிவிடும்.

பின்வந்தவர்கள் சமச்சீர்களின் தொகுப்பான லீயின் குலங்களைப் போற்றினார்கள், சமன்பாடுகளை ஏறக்குறைய மறந்தார்கள். சோவியத் ஒன்றியத்தில் ஒவ்சியானிக்கோவ் அவற்றை மீட்டார். திருச்சியில், 1982இல் தொடங்கிய பாரதிதாசன் பல்கலைக்கழகத்தின் மு. லட்சுமணனும் பி. காளியப்பனும் 1983இல் இதே வழியில் நேரியலற்ற சமன்பாடுகள் பலவற்றை ஒரே மாறியிலான பன்லவே வகைச் சமன்பாடுகளாகச் சுருக்கிக் காட்டினார்கள். இதுவரை வேலை ஒரே திசையில்தான்: சமன்பாடு முதலில், சமச்சீர் பிறகு.

படச்செயலாக்கம் இந்தத் திசையைத் திருப்பியது. திண்டுக்கல் மலைக்கோட்டையின் படத்தில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சத்தையும் வெப்பநிலையாக எண்ணி, வெப்பச் சமன்பாட்டின்படி பரவ விட்டால், படத்திலுள்ள பொடிக் கறைகள் மறையும். பாறையும் வானமும் சந்திக்கும் விளிம்பும் கூடவே கரையும். நகர்த்தினாலும் அளவை மாற்றினாலும் முடிவு மாறக்கூடாது என்பது போன்ற நிபந்தனைகளிலிருந்தே, இந்தப் பரவலுக்கு அடிப்படையான காஸ் வளைவை 1959இல் ஜப்பானின் இஜிமா வருவித்திருந்தார். ஜப்பானிய மொழியில் வெளிவந்ததால் மேற்குலகம் அதைப் பல்லாண்டுகள் அறியவில்லை. 1983இல் விட்கின் அதே எண்ணத்தைப் புதிதாக முன்வைத்தார்.

விளிம்பைக் காப்பாற்ற முயன்றவர்கள் பெரோனாவும், மதுராவில் பிறந்து கான்பூர் ஐஐடியில் படித்த ஜிதேந்திர மாலிக்கும். வெளிச்சம் சட்டென மாறும் இடத்தில் பரவலைக் குறைக்கும் அவர்களுடைய சமன்பாடு 1990இல் விரிவாக வெளிவந்தது. இன்றும் அதற்குத்தான் புகழ் அதிகம். ஆனால் எது விளிம்பு என்பதை அதில் ஒரு வரம்பெண் தீர்மானிக்கிறது. அதே பாறையை உச்சி வெயிலிலும் அந்தி வெளிச்சத்திலும் படமெடுத்தால் அந்த எண்ணையும் மாற்ற வேண்டும். வெளிச்சத்தைச் சார்ந்திருப்பது அதன் உண்மையான குறை.

1993இல் அல்வாரெஸ், கிஷார், லியோன்ஸ், மொரெல் நால்வரும் நிபந்தனைகளை முதலில் வைத்தார்கள். வெளிச்ச அளவுகோல் எப்படி மாறினாலும், கோட்டைச் சுவரைத் தொலைவிலிருந்து சாய்வாகப் பார்த்தாலும் செயல் மாறக்கூடாது. இன்னும் சில இயல்பான நிபந்தனைகளையும் சேர்த்தால், அவற்றுக்கு இணங்குவது ஒரே சமன்பாடு: விளிம்பின் ஒவ்வொரு புள்ளியும் அங்குள்ள வளைவின் முப்படி மூலத்துக்கு விகிதமான வேகத்தில் நகரும். வடிவியல் வழியில் சபிரோவும் டானன்பாமும் இதே முடிவை அடைந்தார்கள். தன்னைத்தானே வெட்டாத மூடிய வளைகோடு இந்த ஓட்டத்தில் நீள்வட்ட வடிவை நெருங்கியபடி புள்ளியாகச் சுருங்கும். சாய்த்துப் பார்த்த வட்டத்தையும் நீள்வட்டத்தையும் பிரித்தறியாத சமன்பாட்டுக்கு, வட்டத்தில் மட்டும் முடிய வழியில்லை.