தொட்டிச் செடி வளர்ப்பு: காவிரி டெல்டா

தொட்டிச் செடி வளர்ப்பு என்பது நிலத்தில் நேரே நடாமல் மண்தொட்டி, பை, வாளி, பீப்பாய் போன்ற கலங்களில் செடிகளை வளர்த்துப் பயன்கொள்ளும் முறை. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்கள் அடங்கிய காவிரி டெல்டாவில் வயல் இல்லாத வீடுகள் மாடியிலும் கொல்லையிலும் திண்ணை ஓரத்திலும் செய்யும் சிறு வேளாண்மை இது. பெருநகர வீடுகளுக்கென்று எழுதப்பட்ட மாடித்தோட்டக் குறிப்புகள் இங்கே பாதிதான் பொருந்தும். நெல்லை வாழவைக்கும் களிமண்ணும் தேங்கு நீரும் தொட்டிக்குள் போனால் செடியைக் கொல்லும். டெல்டாவில் புதிதாகத் தொடங்குபவரின் செடி தண்ணீர் போதாமல் வாடுவதைவிடத் தண்ணீர் மிகுந்து அழுகுவதே வழக்கம்.

பின்னணி

கலத்தில் செடி வைப்பது இப்பகுதிக்குப் புதிதல்ல. கும்பகோணம், தஞ்சாவூர் பக்கத்துப் பழைய வீடுகளின் முற்றத்தில் செங்கல்லும் சுண்ணாம்பும் கொண்டு கட்டிய துளசி மாடமே ஒரு தொட்டிதான். ஓட்டை விழுந்த அண்டாவில் கற்பூரவல்லி, வாய் உடைந்த பானையில் தூதுவளை, கிணற்றடியில் கழிவுநீர் போகும் வாய்க்கால் ஓரம் கருவேப்பிலை என்று வீட்டு வைத்தியமும் சமையலும் கேட்டவை எல்லாம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. காய்கறியைத் தொட்டியில் வளர்ப்பதுதான் பின்னால் வந்தது. கொல்லை சுருங்கி, ஓட்டு வீடு மச்சு வீடான பிறகு மொட்டைமாடி என்ற புது நிலம் கிடைத்தது. தமிழ்நாடு அரசின் தோட்டக்கலைத் துறை 2013-14இல் சென்னையிலும் கோவையிலும் மானிய விலையில் மாடித்தோட்டத் தளைகளை வழங்கத் தொடங்கியது. பை, தென்னை நார்க்கழிவுக் கட்டி, விதை, அசோஸ்பைரில்லம், பாஸ்போபாக்டீரியா, டிரைகோடெர்மா விரிடி, வேப்ப எண்ணெய் ஆகியவை அடங்கிய அந்தத் தளைதான் பின்னர் மற்ற ஊர்களுக்கும் பரவியது. ‘குரோ பேக்’ என்ற சொல் தஞ்சாவூர் உரக்கடைகளில் புழங்குவதும் இதன் தொடர்ச்சி.

மண்

டெல்டாவின் மண் ஒரே மண் அல்ல. காவிரியும் வெண்ணாறும் பாயும் பழைய டெல்டாவில், அதாவது கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி, மயிலாடுதுறைப் பக்கங்களில், ஆறுகள் கொண்டுவந்து படியவைத்த களிமண்ணும் வண்டலும் மிகுதி. மேட்டூர் அணை 1934இல் முடிந்தபோது கல்லணைக் கால்வாய் வழியே பாசனம் பெற்ற புதிய டெல்டாவில், ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரங்களில், செம்மண்ணும் மணல் கலந்த மண்ணும் உண்டு. தஞ்சாவூருக்குத் தென்மேற்கே வல்லம் மேட்டிலும் செம்மண்தான். தொட்டிக்கு வேண்டியது இந்த இரண்டாவது வகை. வீட்டுக்கு எதிரிலேயே வயல் இருக்க, வல்லத்துச் செம்மண்ணுக்குச் சொல்லிவைப்பது பெரியவர்களுக்கு வேடிக்கையாகப் படலாம். ஆனால் காரணம் இருக்கிறது.

நிலத்தில் ஊற்றிய நீர் இறங்கிப் போக ஆழம் உண்டு. தொட்டியில் மண் ஒரு முழத்தில் முடிந்துவிடுகிறது. மண் துகள்களுக்கு இடையேயுள்ள நுண்துளைகள் நீரைப் பிடித்துக்கொள்வதால், அடியில் எத்தனை ஓட்டை போட்டாலும் கடைசிப் பகுதி மண் நீர் நிறைந்தே நிற்கும். இந்த ஈர அடுக்கின் உயரத்தைத் தீர்மானிப்பது தொட்டியின் உயரம் அல்ல, மண்ணின் நயம். துகள் எவ்வளவு நுண்மையோ அடுக்கு அவ்வளவு உயரம். களிமண்ணாக இருந்தால் சிறிய தொட்டி முழுவதுமே அந்த அடுக்காகிவிடும். வேருக்கு நீரைப் போலவே காற்றும் வேண்டும். நெல் தன் தண்டிலுள்ள காற்றுக் குழல்கள் வழியே வேருக்கு உயிர்வளியை அனுப்பிச் சேற்றில் பிழைக்கிறது. கத்தரிக்கும் மிளகாய்க்கும் அந்த ஏற்பாடு கிடையாது.

தொட்டியின் அடியில் ஜல்லியும் ஓட்டாஞ்சில்லும் நிரப்பினால் நீர் வடியும் என்பது பரவலான நம்பிக்கை. நடப்பது வேறு. நுண்மண்ணிலிருந்து பருமனான ஜல்லிக்குள் நீர் எளிதில் இறங்காது, அதனால் ஈர அடுக்கு ஜல்லிக்கு மேலே ஏறி நிற்கும். வேருக்கான இடம்தான் குறைகிறது. மண் ஓட்டையை அடைத்துவிடாமல் இருக்க ஒரே ஒரு ஓட்டாஞ்சில்லோ ஒரு பிடி தேங்காய் நாரோ போதும். வடிகாலைத் திருத்த விரும்புபவர் மண்கலவையைத் திருத்த வேண்டும்.

கலவை

செம்மண், நன்கு மக்கிய எரு, தென்னை நார்க்கழிவு மூன்றையும் சம பங்காகக் கலப்பது தொடங்குவோருக்குப் போதுமானது. இதில் மூன்றாவது சரக்குக்கு டெல்டா வெளியூரை நம்பியிருக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணித் தென்னந்தோப்புகளை ஒட்டிய கயிற்று ஆலைகளில் அது குவிந்து கிடக்கிறது. 2018 நவம்பர் 16 அதிகாலை கரையேறிய கஜா புயல் அந்தத் தோப்புகளை வேரோடு சாய்த்த பின்னும் தொழில் நின்றுவிடவில்லை. ஆனால் ஆலையிலிருந்து நேரே அள்ளிவந்த நார்க்கழிவைத் தொட்டியில் போடக் கூடாது. உப்பு இருக்கும், இரண்டு மூன்று முறை நல்ல தண்ணீரில் ஊறவைத்துப் பிழிய வேண்டும். பச்சை நார்க்கழிவில் கரிமத்துக்கும் தழைச்சத்துக்குமான விகிதம் 112:1 அளவில் இருப்பதால் அது மக்கும்போது செடிக்குரிய தழைச்சத்தையும் இழுத்துக்கொள்ளும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் பரிந்துரைக்கும் முறையில் சிப்பிக்காளான் வித்தும் யூரியாவும் அடுக்கடுக்காக இட்டு மக்கவைத்தால் இது 24:1 அளவுக்கு இறங்கும். அந்த வேலைக்குப் பொறுமை இல்லாதவர்கள் மக்கிய நார்க்கழிவு என்று கேட்டு வாங்கலாம்.

நெல் விளையும் ஊர்களில் கிடைக்கும் இன்னொரு நல்ல சரக்கு உமிக்கரி. பாதி எரிந்து கறுப்பாக இருக்கும் கரி கலவையை இளக்கி, எடையைக் குறைத்து, காற்றோட்டம் தரும். அரிசி ஆலைக் கொதிகலனில் முழுக்க எரிந்து வெளுத்த சாம்பல் வேறு பொருள். அதில் காரத்தன்மை மிகுதி, கைப்பிடிக்கு மேல் சேர்த்தால் இலை வெளிறும். வைக்கோலைத் துண்டுபோட்டு மேலே மூடாக்காக இடுவது கோடையில் ஒரு வேளைத் தண்ணீரை மிச்சப்படுத்தும்.

கலமும் மாடியும்

கீரைக்கு ஒரு சாண் ஆழம் போதும், அகலம்தான் முக்கியம். கத்தரி, மிளகாய், வெண்டை, தக்காளிக்கு ஒரு செடிக்குப் பதினைந்து முதல் இருபது லிட்டர் மண் பிடிக்கும் கலம் வேண்டும். ஓரடி விட்டமும் ஓரடி உயரமும் உள்ள பை ஏறக்குறைய 22 லிட்டர். பழைய பெயிண்ட் வாளி அடியிலும் பக்கவாட்டிலும் ஓட்டை போட்டால் நன்றாகவே உழைக்கும். அரிசிச் சாக்கு வெயிலில் ஓராண்டுகூடத் தாங்காமல் நொறுங்கும். சுட்ட மண்தொட்டி சுவாசிப்பதால் ஐப்பசி மழைக்கு நல்லது, சித்திரை வெயிலில் தண்ணீரைக் குடித்துத் தீர்க்கும்.

முழுக்க மண் நிரப்பி நனைந்த ஓரடிப் பை முப்பது கிலோவைத் தாண்டும். நார்க்கழிவுக் கலவையில் இது வெகுவாகக் குறையும். ஆட்கள் நடமாடும் மொட்டைமாடிக்கு இந்தியத் தர நிர்ணயமான ஐ.எஸ். 875 கொள்ளும் சுமை சதுர மீட்டருக்கு 1.5 கிலோநியூட்டன், அதாவது சுமார் 150 கிலோ. ஆகவே பைகளை மாடி நடுவில் நெருக்கி அடுக்காமல், உத்தரமும் சுவரும் தாங்கும் ஓரங்களில் பரப்பி வைக்க வேண்டும். தேக்குக் குறுக்குக்கட்டை மீது செங்கல் அடுக்கிக் கட்டிய பழைய மெட்ராஸ் டெரஸ் வீடுகளில் தொட்டியைத் தரையோடு நிறுத்திக்கொள்வதே நல்லது. எந்த மாடியானாலும் பையைத் தளத்தில் நேரே வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வைத்தால் தளமும் காயும், ஓட்டையும் அடையாது.

நீரும் பட்டமும்

தண்ணீருக்குக் கணக்கு எழுதிவைத்துக்கொள்வதில் பயனில்லை. விரலை இரண்டு கணு அளவுக்கு மண்ணில் விட்டு, உள்ளே ஈரம் இருந்தால் அன்று ஊற்றக் கூடாது. பை நிறைய ஊற்றி அடியில் வடியவிடுவதும், பிறகு காயவிடுவதும்தான் முறை. தினமும் ஒரு குவளை தெளிப்பது மேல்மண்ணை மட்டும் நனைத்து வேரை மேலேயே நிறுத்திவிடும். நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோர ஊர்களில் ஆழ்குழாய் நீர் உவர்ப்பு. அங்கே தொட்டி விளிம்பில் வெள்ளைப் பூச்சாக உப்புப் படியும், இலை நுனி கருகும். மழைநீரைப் பிடித்துவைத்து அவ்வப்போது நிறைய ஊற்றிக் கழுவுவதைத் தவிர அதற்கு மலிவான வழி இல்லை. தொட்டிக்கு அடியில் தட்டு வைப்பவர்கள் அதில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டிக் காயவைக்க வேண்டும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும்.

மேட்டூர் அணையை ஜூன் 12இல் திறப்பது மரபு. வயல் நாட்காட்டி அதைச் சுற்றியே ஓடுகிறது. தொட்டிக்கு அந்தத் தேதி ஒரு பொருட்டல்ல, அதற்கு முக்கியம் வடகிழக்குப் பருவமழை. அக்டோபர் முதல் டிசம்பர் வரை டெல்டாவின் ஆண்டு மழையில் ஏறத்தாழப் பாதியும் கடலோரத்தில் அதற்கு மேலும் கொட்டும். ஆடிப்பட்டத்தில் விதைத்துப் புரட்டாசிக்குள் செடியை வலுவாக்கிக்கொள்வது ஒரு வழி. புதியவர்களுக்கு அதைவிடப் பாதுகாப்பானது தைப்பட்டம். மழை ஓய்ந்திருக்கும், வெயில் இதமாக இருக்கும், தவறு நேர்ந்தாலும் திருத்த நேரம் உண்டு. நாற்றை மார்கழியிலேயே விட்டுவிட்டால் தக்காளி வெயிலுக்கு முந்திக்கொள்ளும். சித்திரை வெப்பத்தில் அது பூவை உதிர்த்துவிடும். கத்தரி வெயிலில் பாதி நிழல் தரும் பச்சை வலை கட்டாத மாடியில் வெண்டையும் தண்டுக்கீரையும் தவிர அதிகம் எதிர்பார்க்க வேண்டாம்.

எந்தச் செடி

முதல் செடி கீரையாக இருக்கட்டும். இருபத்தைந்து நாளில் அறுப்புக்கு வரும் சிறுகீரையோ அரைக்கீரையோ மண்கலவை சரியா தவறா என்பதைச் சீக்கிரம் காட்டிக்கொடுத்துவிடும். அடுத்து மிளகாய், கத்தரி. வெண்டையை மாடியில் வைப்பவர்கள் வெள்ளை ஈயையும், அது பரப்பும் மஞ்சள் நரம்புத் தேமல் நோயையும் எதிர்பார்த்தே வைக்க வேண்டும். வெற்றிலைக்கு டெல்டாவில் தனிப் பெருமை உண்டு. கும்பகோணம் வெற்றிலை 2025இல் புவிசார் குறியீடு பெற்றது. கொடிக்காலின் நிழலும் ஈரக்காற்றும் மாடியில் கிடைக்காது என்பதால், கிணற்றடி நிழலில் பெரிய தொட்டியில் ஒரு கொடி ஏற்றினால் வீட்டுத் தாம்பூலத்துக்குக் கட்டும். துளசி, ஆடாதொடை, கற்பூரவல்லி, சோற்றுக்கற்றாழை ஆகியவை கவனிப்பே கேட்காதவை.

மூலிகை என்ற பெயரில் சிலர் விசாரிக்கும் கஞ்சா இந்தப் பட்டியலில் சேராது. போதைப்பொருள் மற்றும் உளவெறியூட்டும் பொருட்கள் சட்டம், 1985இன் 8ஆம் பிரிவு கஞ்சாச் செடி வளர்ப்பதைத் தடைசெய்கிறது. 20ஆம் பிரிவின்படி அதற்குப் பத்தாண்டுகள் வரை கடுங்காவலும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். கிலோக் கணக்கில் சிறு அளவு, வணிக அளவு என்று பேசப்படுவது கஞ்சாவை வைத்திருப்பது, விற்பது, கடத்துவது போன்ற குற்றங்களுக்கு. வளர்ப்புக்கான தண்டனை அந்த அளவைப் பார்ப்பதில்லை, மாடியில் ஒரே தொட்டியில் ஒரே செடி என்றாலும் குற்றமே. சித்த மருந்துகளில் அது இடம்பெறுவது உண்மை. ஆனால் அது உரிமம் பெற்ற மருந்து உற்பத்தியாளருக்கானது. உத்தரகாண்டில் நாருக்காகவும் விதைக்காகவும் போதை குறைந்த கஞ்சாவகைக்கு உரிமம் தருகிறார்கள். வேறு நாடுகளில் தொட்டியில் வளர்க்கச் சொல்லித்தரும் கையேடுகள் தமிழிலும் சுற்றுகின்றன. அவை இங்கே செல்லாது.

காப்பும் மறுபயனும்

மாவுப்பூச்சி, அசுவினி, வெள்ளை ஈ மூன்றும்தான் அன்றாட எதிரிகள். லிட்டர் தண்ணீருக்கு 3 முதல் 5 மில்லி வேப்ப எண்ணெயை, காதிசோப் கரைசல் சிறிது சேர்த்து நன்கு கலக்கி, வெயில் தாழ்ந்த பின் இலையின் அடிப்பக்கம் படத் தெளிக்க வேண்டும். வெயிலில் தெளித்தால் இலை கருகும். கொடுமுடி மருத்துவர் கே. நடராஜன் பரப்பிய பஞ்சகவ்யம் மூன்று சதக் கரைசலாக, அதாவது லிட்டருக்கு 30 மில்லி, பயன்படுகிறது. தஞ்சாவூர் மாவட்டம் இளங்காட்டில் பிறந்த இயற்கை வேளாண்மையாளர் கோ. நம்மாழ்வாரின் பேச்சால் டெல்டாவில் இத்தகைய கரைசல்கள் வீட்டுப் புழக்கத்துக்கு வந்தன. பூச்சி விரட்டியாக இவற்றை மட்டும் நம்பித் தொட்டியை நெருக்கி வைப்பது பலன் தராது. இரண்டு பைகளுக்கு இடையே ஓரடி காற்று புகுந்தாலே பாதித் தொல்லை குறையும். காய் பிடித்த பிறகு வருவது அணில், அதற்கு வலையைத் தவிர மருந்தில்லை.

ஒரு போகம் முடிந்த கலவையைக் கொட்டிவிட வேண்டாம். வேர்களை அரித்து எடுத்து, நனைத்து, பாலித்தீன் தாளால் மூடிச் சித்திரை வெயிலில் நான்கு வாரம் வைத்தால் நூற்புழுவும் அழுகல் பூஞ்சையும் பெருமளவு அழியும். பிறகு மூன்றில் ஒரு பங்கு புது எருவும் ஒரு கை வேப்பம்புண்ணாக்கும் கலந்து திரும்ப நிரப்பலாம். கத்தரி, தக்காளி, மிளகாய் ஒரே குடும்பம் என்பதால் ஒன்று இருந்த பையில் அடுத்ததை வைக்காமல் கீரையோ அவரையோ விதைக்க வேண்டும். நான்கைந்து போகம் கண்டு நார்க்கழிவு பொடியாகிப் படிந்துவிட்ட கலவை மீண்டும் நீரைத் தேக்கத் தொடங்கும். அதைக் கொல்லைத் தென்னையின் பாத்தியில் கொட்டிவிட்டுப் புதுக் கலவை போடலாம்.